வண்டிக்கு எஃப்.சி. இருக்கு... டிரைவருக்கு?

அடிபட்ட உடம்போடு ஸ்டீயரிங் பிடிக்கும் ஓட்டுநர்களும், அவர்களுக்காக வீட்டில் காத்திருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

பட்டுக்குப் பேர்போன ஆரணிக்கு இன்னொரு அடையாளம், அரிசி. நெல் மூட்டையோடு ஆலைக்கு வரும் லாரிகள், அரிசிச் சிப்பங்களோடு வெளியூர் கிளம்பும் லாரிகள், நூலும் புடவைக் கட்டும் சுமந்து திரியும் 'குட்டியானை'கள், வேலூருக்கும் செய்யாறுக்கும் போளூருக்கும் ஓடும் பஸ்கள், ஷேர் ஆட்டோக்கள், பள்ளி வேன்கள் எனத் தறிச் சத்தத்துக்குப் போட்டியாக ஹாரன் சத்தமும் கேட்கும் ஊர் இது. தறி வருமானம் போதாமல் வண்டி ஓட்டப் போனவர்களும் இங்கே உண்டு. தறிக்குழியில் மிதி மிதித்த கால்கள், கிளட்ச் மிதிக்கப் பழகிக்கொண்டன.

தறியோ, ஸ்டீயரிங்கோ... இரண்டுக்கும் முதலீடு உடம்புதான். கண், கை, கால், முதுகு. இதில் ஒன்று மக்கர் பண்ணினால், தறியில் புடவை இறங்கத் தாமதமாகும். ரோட்டில் அப்படி நின்று யோசிக்க நேரம் இருக்காது.

சாலையில் ஓடும் ஒவ்வொரு லாரிக்கும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று கட்டாயம். புது வண்டிக்கு முதல் 8 வருடங்கள் வரை 2 வருடங்களுக்கு ஒருமுறை. அதன் பிறகு வருடா வருடம். பிரேக், லைட், டயர் எல்லாம் பார்த்துத்தான் சான்று தருவார்கள். அந்த வண்டியை ஓட்டுபவரின் லைசென்ஸுக்கோ 5 வருடங்களுக்கு ஒருமுறைதான் புதுப்பித்தல். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்படும் முன்பு இது 3 வருடங்களாக இருந்தது.

இந்த 5 வருடங்களுக்குள் கால் முறியலாம். சர்க்கரை நோய் வரலாம். கண்ணில் புரை விழலாம். பெரும்பாலும் யாரும் கேட்கப்போவதில்லை. கேட்காதவரை நல்லது என்றுதான் பல ஓட்டுநர்களும் நினைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வண்டிக்கு மாதத் தவணை இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. 'உடம்பு சரியில்லைன்னு தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும், வேலை போயிடும்' என்ற பயத்தில் வலியை விழுங்கிக்கொண்டு வண்டியை எடுக்கிறார்கள்.

ஆனால், மறைப்பதால் பிழைப்பு காப்பாற்றப்படுவதில்லை. பெரும்பாலான காயங்களுக்குத் தேவைப்படுவது கொஞ்ச கால ஓய்வு மட்டுமே. மீதி சில காயங்களுக்கு, மாற்று வேலையும் இழப்பீடும் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இது தெரியாததால்தான் பல குடும்பங்கள் இரண்டையும் இழக்கின்றன.

படிவம் 1-ஏ என்ன கேட்கிறது?

லாரி, பஸ், டாக்ஸி போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு லைசென்ஸ் எடுக்கவோ புதுப்பிக்கவோ போனால், ஆர்.டி.ஓ அலுவலகத்தில் 'படிவம் 1-ஏ' கேட்பார்கள். இதற்கென அரசு அனுமதித்த, பதிவுபெற்ற மருத்துவர் பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டிய சான்று இது. சொந்த கார், பைக் ஓட்டுபவர்கள் 40 வயது வரை 'எனக்கு இந்தக் குறைகள் இல்லை' என்று படிவம் 1-ல் தாங்களே எழுதிக் கொடுத்தால் போதும். அதன் பிறகு அவர்களுக்கும் 1-ஏ வேண்டும்.

1-ஏ படிவத்தில் மருத்துவர் பதில் எழுத வேண்டிய முக்கியமான கேள்விகள் இவை.

* பார்வையில் குறை இருக்கிறதா? இருந்தால் கண்ணாடியால் சரிசெய்யப்பட்டிருக்கிறதா?
* நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா?
* கடுமையான நிறக்குருடு இருக்கிறதா?
* மாலைக்கண் நோய் உண்டா?
* ஹாரன் போன்ற சாதாரண ஒலிகளைக் கேட்க முடியாத அளவுக்குக் காது மந்தமா?
* ஓட்டுநர் வேலைக்கு இடையூறாக உறுப்பு இழப்போ, ஊனமோ இருக்கிறதா?

25 மீட்டர் என்பது ஏதோ சம்பிரதாயக் கணக்காகத் தோன்றலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடும். அப்படியென்றால் 25 மீட்டர் என்பது ஒன்றரை விநாடிதான். அதற்குள் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக வேண்டும். 25 மீட்டரில் இருப்பதே மங்கலாகத் தெரிகிறது என்றால், சுமை ஏற்றிய லாரியை நிறுத்த அவகாசமே இருக்காது.

நிறக்குருடு விஷயத்தில் 2020 ஜூனில் விதி தளர்த்தப்பட்டது. லேசான, நடுத்தர அளவு நிறக்குருடு உள்ளவர்கள் லைசென்ஸ் பெறலாம். கடுமையான நிறக்குருடு உள்ளவர்களுக்கு மட்டும்தான் தடை. ஒரு கண்ணில் பார்வை இழந்தவர்களுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. லைசென்ஸ் எடுத்து 5 வருடங்களுக்குப் பிறகு பார்வை போயிருந்தால், ஓட்டுநர் பக்கம் வெளிக்கண்ணாடி பொருத்திய இலகு ரக சொந்த வாகனத்துக்கு விண்ணப்பிக்கலாம். வாடகை, சரக்கு வாகனங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனங்களை சாதாரண இலகு ரக லைசென்ஸிலேயே ஓட்டலாம், தனி அனுமதி தேவையில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. குட்டியானை ஓட்டும் இளைஞர்களுக்கு இது பெரிய நிம்மதி. அதேநேரம், இப்படி ஓட்டுபவர் 40 வயதைத் தொடும் வரை ஒருமுறைகூட மருத்துவர் முன் நிற்காமலே தினமும் சரக்கு ஏற்றி ஓட்ட முடியும். அவர் உடம்புக்கு அவரேதான் எஃப்.சி. பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் காயம் எங்கே இடிக்கும்?

நம் ஊர் வண்டிகளில் ஸ்டீயரிங் வலப்பக்கம். அதனால் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை.

வலது கால்: ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் இதன் பொறுப்பு. இதில் அடிபட்டவர்கள்தான் அதிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வலது கணுக்கால் முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை கார் சிமுலேட்டரில் உட்காரவைத்துச் சோதித்தார்கள் அமெரிக்க மருத்துவர்கள். பிரேக் பிடிக்கும் வேகம் இயல்புக்குத் திரும்ப 9 வாரங்கள் ஆயின என்கிறது 2003-ல் வெளியான அந்த ஆய்வு. அது கார் பிரேக். லாரி ஓட்டுபவருக்கு என்ன கணக்கு என்பதை அவருக்கு சிகிச்சை அளித்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இடது கால்: 'பிரேக் வலது கால்லதானே, இடது கால் வலிச்சா என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. டவுனுக்குள் ஒரு டிரிப் அடித்தாலே எத்தனை முறை கிளட்ச் மிதிக்க வேண்டியிருக்கும் என்பது ஓட்டுபவருக்குத் தெரியும். முட்டி ஜவ்வு கிழிந்தவர்கள் பாதி கிளட்ச்சில் வண்டியை நிறுத்தி நகர்த்தும்போது கால் நடுங்கினால், முன்னால் நிற்கும் டூவீலர்காரருக்கு ஆபத்து.

இடது கை: கியர் போடும் கை. மணிக்கட்டு முறிவும், விரல் நரம்பு வெட்டும் இங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

தோள்பட்டை: ஒருமுறை இறங்கிய தோள் மூட்டு மறுபடி இறங்க வாய்ப்பு அதிகம். வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது அது நடந்தால், வண்டி கையில் இருக்காது.

கழுத்து: திரும்பிப் பார்க்க முடியாத கழுத்தோடு ரிவர்ஸ் எடுப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு எடுப்பது மாதிரி.

முதுகு: ஓட்டுநர்களின் தொழில் நோய் என்றே இதைச் சொல்லலாம். மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும், சீட்டின் அதிர்வும் சேர்ந்து முதுகெலும்பின் தட்டுகளை அழுத்திக்கொண்டே இருக்கின்றன. டிஸ்க் பிதுங்கி நரம்பைத் தொட்டால், வலி காலுக்கு இறங்கும். காலில் மரத்துப்போன உணர்வோ பலவீனமோ வந்தால், அது பெடல் வரை வந்துவிட்ட பிரச்னை. நீண்ட தூரம் ஓட்டி இறங்கியதும் மூட்டை தூக்கக் கூடாது. பத்து நிமிடம் நடந்து, முதுகை நிமிர்த்திவிட்டுத் தூக்குவது நல்லது. கேபினிலிருந்து குதித்து இறங்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

தலை: வெளியில் காயம் ஆறியிருக்கும். 'ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல' என்று அனுப்பியிருப்பார்கள். ஆனால், பலத்த தலைக்காயத்துக்குப் பிறகு மாதங்கள் கழித்து, சிலருக்கு வருடங்கள் கழித்துக்கூட வலிப்பு வரலாம். மயக்கம், கிறுகிறுப்பு, கண் இருட்டுவது, பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடிகள் 'காணாமல் போவது' ஆகியவற்றில் எது வந்தாலும் வண்டியை எடுக்கக் கூடாது. நரம்பியல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

கட்டு பிரிச்சாச்சே, ஓட்டலாமா?

வட மாவட்டங்களில் எலும்பு முறிந்தால் 'புத்தூர் கட்டு' என்பது பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர். ஆந்திராவின் புத்தூருக்குப் போய்க் கட்டு போட்டு வருபவர்களும், அதே பெயரில் உள்ளூரில் பலகை வைத்திருக்கும் இடங்களுக்குப் போகிறவர்களும் உண்டு. மாவுக்கட்டோ, ராடு வைத்த ஆபரேஷனோ, புத்தூர் கட்டோ... எதுவாக இருந்தாலும், திரும்ப ஸ்டீயரிங் பிடிக்கும் முன் ஒரு எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறதா, முழுதாகக் கூடியிருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது.

எலும்பு கூடியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. வாரக்கணக்கில் கட்டுக்குள் இருந்த தசை இளைத்துப்போயிருக்கும், மூட்டு இறுகியிருக்கும். பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிட்டு லோடு ஏற்றப் போகிறவர்கள்தான் ஆறு மாதம் கழித்து அதே காலைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

வலி மாத்திரை விஷயமும் முக்கியம். வலுவான வலி நிவாரணிகள், நரம்பு வலிக்கான மாத்திரைகள், சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் சில மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். 'நான் டிரைவர், இதைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டலாமா?' என்ற ஒரு கேள்வியை ஒவ்வொரு முறையும் மருத்துவரிடமோ மருந்துக்கடையிலோ கேட்கத் தயங்க வேண்டாம்.

சிகிச்சையில் இருக்கும்போதே லைசென்ஸ் காலாவதியானால் பதற வேண்டாம். காலாவதியான தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால், மறுபடி டெஸ்ட் இல்லாமலே புதுப்பிக்கலாம். ஆனால், புதுப்பிக்கும் வரை ஒரு நாள்கூட வண்டி ஓட்டக் கூடாது. முன்பு இருந்த 30 நாள் சலுகை இப்போது இல்லை.

வெளியில் தெரியாத குறைகள்

கையும் காலும் நன்றாக இருந்தாலும் ஓட்டத் தகுதி இல்லாத நிலை வரலாம். முதலில் சுகர். இன்சுலின் அல்லது சில வகை மாத்திரை எடுப்பவர்கள் சாப்பிடாமல் வண்டி எடுத்தால், சர்க்கரை அளவு சட்டென்று இறங்கும். கை நடுக்கம், வியர்வை, குழப்பம் என்று போய், குடித்தவர் ஓட்டுவதுபோல வண்டி அலையும். கேபினில் குளுக்கோஸோ சர்க்கரையோ எப்போதும் இருக்க வேண்டும். அறிகுறி தெரிந்த நொடியில் ஓரம் கட்ட வேண்டும். பல வருடச் சர்க்கரை நோய், பாதத்தின் உணர்ச்சியைக் குறைத்துவிடும். எந்த பெடலில் கால் இருக்கிறது என்பதே தெரியாமல் போகும்.

அடுத்து, தூக்கம். பெருங்குறட்டை விடுபவர், எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் சொக்கிச் சொக்கி விழுந்தால், அது உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. குறட்டையை முதலில் கவனிப்பவர் மனைவிதான். சிரித்துக் கடந்துபோகாமல், மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பி.பி. பரிசோதனையும் மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. வரும் நேரத்தில் வீட்டில் இருப்பது ஓட்டுநரின் அம்மாவும் மனைவியும்தான். அவர் ரோட்டில் இருப்பார். அதனால், ஓட்டுநர்கள் வண்டி நிற்கும் நாளில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, ஆரணி அரசு மருத்துவமனைக்கோ போய்ப் பார்த்துக்கொள்வதே வழி.

இதெல்லாம் தனிமனிதர் சறுக்கல் மட்டுமல்ல. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் அரை மணி நேர ஓய்வு என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் கணக்கு வகுத்தது. கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் திருவண்ணாமலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுநர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். வெக்கையில் வேகும் ஓட்டுநர்களுக்கு இது நல்ல செய்திதான். ஆனால், பழைய லாரி ஓட்டுபவருக்கு இன்னும் பல வருடங்கள் ஈரத்துண்டுதான் ஏ.சி.

'இனி ஓட்ட முடியாது' என்று சொல்லிவிட்டால்?

பயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநருக்கும் தனியார் வண்டி ஓட்டுநருக்கும் பதில் வேறு வேறு.

அரசு ஓட்டுநர்: பணியில் இருக்கும்போது உடல் குறைபாடு ஏற்பட்டால், அதைக் காரணம் காட்டி ஓர் அரசு நிறுவனம் அவரை வேலையைவிட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். இடம் இல்லையென்றால், தனியாக ஓர் இடம் உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 20-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. 1995-ம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இதே பாதுகாப்பு இருந்தது.

மதுரை அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவர் நிறக்குருடு என்று கண்டறியப்பட்டு வேலையிலிருந்து அனுப்பப்பட்டபோது, அவருக்கு மாற்று வேலை பெறும் உரிமை உண்டு என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கிட்டத்தட்ட இதே கதை தெலங்கானாவிலும் நடந்தது. பணியில் சேர்ந்த பின் நிறக்குருடு எனத் தெரியவந்து வெளியேற்றப்பட்ட ஓட்டுநருக்கு, ஓட்டுநர் பணிக்கு இணையான சம்பளத்தில் பொருத்தமான வேலை தர வேண்டும் என்று 2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்கள் இருவரும் கேட்டது 'பஸ் கொடு' என்று அல்ல, 'வேறு வேலை கொடு' என்றுதான். நீதிமன்றங்கள் அதை ஏற்றுக்கொண்டன.

தனியார் ஓட்டுநர்: மாற்று வேலைக்கு இப்படியொரு உத்தரவாதம் இல்லை. ஆனால், இழப்பீடு உண்டு. வேலையின்போது விபத்தில் காயம்பட்ட தொழிலாளிக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 1923-லிருந்தே இந்தியாவில் இருக்கிறது. முதலாளிமேல் தவறு இருந்ததாக நிரூபிக்க வேண்டிய அவசியம் இதில் இல்லை. பெரும்பாலும் வண்டியின் இன்ஷூரன்ஸ் நிறுவனமே இதைக் கொடுக்கும். குடித்துவிட்டு ஓட்டியிருந்தால் கதை வேறு. எதிர் வண்டியின் தவறால் விபத்து நடந்திருந்தால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அதற்கு 6 மாதக் கெடு சொல்லப்பட்டிருப்பதால், மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும்போதே குடும்பத்தினர் வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது.

இழப்பீட்டில் பலர் கோட்டைவிடும் இடம், சதவீதக் கணக்கு. 2010-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை எளிமையாக விளக்கியது. இடது கை துண்டிக்கப்பட்டால், உடல் ஊனம் 60 சதவீதம் என்று மதிப்பிடலாம். ஆனால், அந்தக் கையை இழந்தவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால், அவர் இழந்த சம்பாத்தியம் ஏறக்குறைய 100 சதவீதம். அதே கையை இழந்தவர் அரசு அலுவலக எழுத்தர் என்றால், வேலையே போகாமல் இருக்கலாம். முழங்கைக்கு மேல் கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில் 1975-லேயே இதே பார்வையை அந்த நீதிமன்றம் எடுத்திருந்தது.

ஆரணிக்கு இதைப் பொருத்திப் பார்ப்பது சுலபம். நெசவாளிக்கு விரலும், ஓட்டுநருக்குக் காலும் வெறும் சதவீதங்கள் அல்ல. அதனால், ஊனச் சான்று வாங்கும்போது 'எத்தனை சதவீதம்' என்பதோடு நின்றுவிடாமல், 'கனரக வாகனம் ஓட்ட இயலாது', 'பாரம் தூக்க இயலாது' என எந்த வேலையைச் செய்ய முடியாது என்பதையும் மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டும்.

சொந்த வண்டி ஓட்டுநர்: தானே முதலாளி, தானே டிரைவர். இவருக்கு இழப்பீடு தர வேறு முதலாளி கிடையாது. இவருக்குக் கைகொடுப்பது, வண்டி இன்ஷூரன்ஸோடு வரும் உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு. 2018-லிருந்து இதன் தொகை 15 லட்சம் ரூபாய். ஒரு கையோ, காலோ, கண்ணோ போனால் பாதித் தொகை. நிரந்தர முழு ஊனம் என்றால் முழுத் தொகை. பிரீமியத்தைக் குறைக்க இதை எடுக்காமல் விடுபவர்கள் யோசிக்க வேண்டும். விபத்து நடந்த அன்று செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான் இந்தப் பணம் வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இவற்றோடு, 18 முதல் 60 வயது வரையுள்ள அமைப்புசாரா ஓட்டுநர்கள் தமிழ்நாடு அரசின் ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். விபத்து ஊனத்துக்கும் மரணத்துக்கும் உதவித்தொகை உண்டு. விபத்து நடந்த பிறகு பதிவு செய்து பயனில்லை. இன்றே செய்ய வேண்டிய வேலை அது.

தெரிந்தே ஓட்டினால்?

உடலோ மனமோ ஓட்டும் நிலையில் இல்லை எனத் தெரிந்தும் வண்டி ஓட்டினால், முதல் முறை 1,000 ரூபாய் வரையும் அடுத்த முறை 2,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஒருவரின் உடல்நிலை குறித்து நியாயமான சந்தேகம் எழுந்தால், லைசென்ஸ் காலம் முடியும் முன்பே மருத்துவச் சான்று கேட்கவும், லைசென்ஸை ரத்து செய்யவும் அதிகாரிக்கு உரிமை இருக்கிறது. அபராதம் சின்னத் தொகைதான். மறைத்த வலிப்போ, மறைத்த மயக்கமோ ரோட்டில் வந்தால் ஏற்படும் இழப்புக்கு எந்தத் தொகையும் ஈடாகாது.

பாகாயம் சொல்லும் பாடம்

ஆரணியிலிருந்து வேலூர் போகும் சாலையில், ஊர் நெருங்கும்போது வரும் பாகாயம். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. முதுகுத் தண்டில் அடிபட்டவர்களும் கை கால் இழந்தவர்களும் மறுபடி உட்கார, எழ, வேலை செய்யப் பயிற்சி பெறும் இடம். 1966-ல் தொடங்கப்பட்ட இந்த மையத்துக்குப் பின்னால் இருப்பதும் ஒரு சாலை விபத்துதான்.

சி.எம்.சி-யின் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த சாலை விபத்தில் முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு இரண்டு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். நின்றபடி அறுவை சிகிச்சை செய்யும் வேலை இனி இல்லை. ஆனால், கைகள் இருந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் விரல் மடங்கிப்போனவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையை உருவாக்கினார். 1972-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எல்லோராலும் மேரி வர்கீஸ் ஆக முடியாது. ஆனால், அவர் யோசித்த முறையை யாரும் பின்பற்றலாம். 'போனது என்ன?' என்பதோடு நிறுத்தாமல், 'மீதி இருப்பது என்ன?' என்று பார்த்தார் அவர். இருபது வருடம் லாரி ஓட்டியவரிடம் காலைத் தவிர வேறு முதலீடும் இருக்கிறது. எந்த ரூட்டில் எங்கே டோல், எந்த ஊரில் எந்நேரம் லோடு கிடைக்கும், இன்ஜின் சத்தத்தில் என்ன கோளாறு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. லாரி புக்கிங் ஆபீஸ், அரிசி ஆலைகளின் லோடு மேற்பார்வை, டிரைவிங் ஸ்கூலில் வகுப்பு எடுப்பது, உதிரிபாகக் கடை என அந்த அனுபவத்துக்கு விலை தரும் இடங்கள் இருக்கின்றன.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

* ஓட்டுநருக்கு 40 வயதைத் தாண்டினால் வருடத்துக்கு ஒருமுறை கண், சுகர், பி.பி. பரிசோதனை. வண்டி எஃப்.சி-க்குப் போகும் மாதத்தையே இதற்கும் வைத்துக்கொண்டால் மறக்காது.
* லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், நல வாரிய அட்டை மூன்றும் முடியும் தேதிகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மூன்றையும் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வைத்திருங்கள்.
* விபத்து என்றால் 108. தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள். எந்த அட்டையும் இல்லாதவருக்கும் இது பொருந்தும்.
* எக்ஸ்ரே, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டு, போலீஸ் எஃப்.ஐ.ஆர். நகல் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இழப்பீடு கேட்கும்போது பேசப்போவது அந்தக் காகிதங்கள்தான்.
* சிகிச்சையில் இருப்பவரிடம் 'எப்ப வண்டி எடுக்கப் போறே?' என்று கேட்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். கடன் கொடுத்தவர் கேட்பார், வண்டி முதலாளி கேட்பார். வீடும் கேட்டால், அவர் வலியை மறைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அடுத்த முறை படிவம் 1-ஏ வாங்கப் போகும்போது, கையெழுத்துக்காக மட்டும் மருத்துவர் முன் உட்கார வேண்டாம். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது, ராத்திரி எதிர் வண்டி வெளிச்சத்தில் கண் எவ்வளவு நேரம் கூசுகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வண்டிக்கு எஃப்.சி. பார்க்கும்போது பிரேக் கோளாறை யாரும் மறைத்து ஓட்டிக்கொண்டு போக விரும்ப மாட்டார்கள். உடம்புக்கும் அதே நியாயம்தான்.